கரண்ட்டின் மேல் கோபப்பட முடியுமா

கோத்தகிரி
4.2.2024

அன்புள்ள அம்புரோஸ்,

இது என் இடது கை எழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கிறுக்கியது போல இருக்கும், சிரிக்காதே. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த அம்மா தினமும் ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். சும்மா அ, ஆ எழுதி அலுத்துவிட்டது. யாருக்காவது கடிதமாக எழுதலாமே என்று தோன்றியது. முதலில் நினைவுக்கு வந்தவன் நீதான்.

உன் போன் எண் உபயோகத்தில் இல்லை என்கிறது. நீ தேயிலை பேக்டரி வேலையை விட்டுவிட்டு நாடுகாணியில் ஷைனாவின் அண்ணன், உன் மச்சான் கடைக்குப் போய்விட்டதாக நம் மேஸ்திரி சில்வஸ்டர் சொன்னான். விலாசமும் அவன் கொடுத்ததுதான். பன்னிரண்டு வருடம் ஒரே ஷிப்டில் நின்றோம். நான் மெஷின் பக்கம், நீ சுவிட்ச் பக்கம். போகும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, எனக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு அந்த இடத்தில் நிற்க உனக்கு மனம் வந்திருக்காது.

முழங்கைக்குக் கீழே ஒன்றுமில்லை என்பது பழகிவிட்டது. சட்டைப் பொத்தான்தான் இன்னும் பழகவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது போனில் ஒருவர் தமிழில் பேசுவதைக் கேட்டேன். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கிரேக்க நாட்டிலும் ரோமாபுரியிலும் வாழ்ந்த ஒரு கூட்டத்தாரைப் பற்றிய பேச்சு. ஸ்டோயிக் என்று பெயராம். எது நம் கையில் இருக்கிறது, எது நம் கையில் இல்லை என்று பிரித்துப் பார், இல்லாததற்காக அழுது கிடக்காதே என்பது அவர்கள் வழி. ‘நம் கையில்’ என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு சிரிக்கிறானே என்று நர்ஸ் பயந்து ஓடி வந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் கேட்டேன். தூக்கம் வந்தது. அதனால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் மிகையில்லை.

பதில் எழுது. ஒரு வரியாவது.

நவநீதன்

*

நாடுகாணி
2.3.2024

நவநீ,

லெட்டர் வந்து மூணு வாரமாச்சு. கடையில மிளகு வர்ற சமயம், நிமிர நேரமில்ல. அதனாலதான் எழுதல.

உனக்கு நெறைய பேர் இருக்காங்க. சசிகலா இருக்குது, பாப்பா இருக்குது. எனக்கு எழுதிக்கிட்டு இருக்காத. நான் பெருசா படிச்சவன் இல்ல, நீ சொல்ற கிரேக்க விசயமெல்லாம் எனக்குப் புரியாது. பழசை விட்டுட்டு இங்க வேற மாதிரி இருக்கலாம்னு வந்தேன். இங்க எல்லாரும் என்னை மலையாளத்துல சேட்டான்னு கூப்பிடறாங்க. அப்படியே இருந்துட்டுப் போறேன்.

வலி இன்னும் இருக்குதா? இல்லாத விரல் வலிக்கும்னு சொல்லுவாங்களே, அந்த மாதிரி இருக்குதா? அதை மட்டும் எழுது. வேற எழுத வேண்டாம்.

அம்புரோஸ்

*

கோத்தகிரி
14.4.2024

அன்புள்ள அம்புரோஸ்,

வலிக்கிறது. கட்டை விரலும் சுண்டு விரலும். இல்லாத சுண்டு விரலில் அரிப்பு எடுத்தால் எங்கே சொறிவது என்று தெரியாமல் முழிப்பேன். நீ அதை மட்டும் எழுதச் சொன்னாய். நான் மற்றதையும் எழுதுகிறேன், உனக்குப் பிடிக்காவிட்டால் படிக்காமல் வைத்துவிடு.

இங்கே நூலகத்தில் பழைய மொழிபெயர்ப்பு ஒன்று கிடைத்தது. அட்டையே இல்லை. அதில் ஓர் ஆளைப் பற்றி வருகிறது. பிறந்தது அடிமையாக. கால் நொண்டி. எஜமான்தான் காலை முறுக்கி ஒடித்தான் என்று ஒரு கதை உண்டாம். அந்த மனிதர் பிறகு பெரிய ஆசானாகிவிட்டார். என் காலைக் கட்டிப்போடலாம், நான் எதைச் சரியென்று நினைக்கிறேனோ அதைக் கட்டிப்போட ஒருவராலும் முடியாது என்பது அவர் எண்ணம். இன்னொரு விஷயமும் அந்தக் கூட்டத்தார் சொல்கிறார்கள். ஒருவன் நமக்குத் தீங்கு செய்தால் முதல் சேதம் அவனுக்குத்தான். கெட்டுப்போனது அவன் மனம். அதனால் அவன்மேல் கோபத்தைவிட இரக்கம்தான் வர வேண்டும் என்று. நல்லவேளை, எனக்கு அந்தச் சோதனையே இல்லை. தீங்கு செய்தவன் என்று ஒருவனும் இல்லையே. அன்றைக்கு மூன்று தடவை கரண்ட் போய்ப் போய் வந்தது. நான் மெஷின் வாயில் சிக்கிய இலையை எடுக்கக் கை விட்டிருந்தபோது நாலாவது தடவை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நீதானே சொன்னாய், ‘கரண்ட் வந்துருச்சுடா’ என்று. கரண்ட்டின் மேல் கோபப்பட முடியுமா? மழையின் மேல் கோபப்படுவதைப் போலத்தான்.

ஆனால் ஒன்று என்னைக் குடைகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேக்டரியில் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். ‘கவனம் தவறினால் கை போகும்’ என்று சிவப்பு எழுத்து. கீழே 11.10.2023 என்று தேதி. என் பெயர் இல்லை, தேதி மட்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை அங்கே நிற்க வைத்து, ஓடுகிற மெஷினில் கையை விட்ட ஒருவனின் கதையைச் சொல்கிறார்களாம். கலைமதியின் வகுப்புப் பெண் ஒருத்தியின் அண்ணன் அங்கே சேர்ந்திருக்கிறான். அவன் வீட்டில் சொல்ல, அந்தப் பெண் இவளிடம் கேட்டிருக்கிறாள். கலைமதி வந்து என்னிடம், “அப்பா, நீங்க ஓடற மெஷின்ல கை விட்டீங்களா?” என்றாள். இல்லை என்றேன். நம்பினாளா என்று தெரியவில்லை. பத்தாவதுக்குப் போகப்போகிற பெண். முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டாள்.

ஊரார் நினைப்பு நம் கையில் இல்லை என்று புத்தகம் சொல்கிறது. மனப்பாடமாகத் தெரியும். ஆனால் மகள் நினைப்பை அப்படி விட முடியவில்லை, அம்புரோஸ். பன்னிரண்டு வருடத்தில் ஒரு கீறல் வாங்காமல் வேலை செய்தவன் நான்.

நீ ஒரு நாள் வந்து, கரண்ட் வந்ததுதான் காரணம் என்று பேக்டரியில் சொன்னால் போதும். அங்கே இருந்தது நாம் இரண்டு பேர்தான். பஸ் செலவு நான் தருகிறேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய், அதனால் சொல்லவில்லை.

புத்தாண்டு வாழ்த்து. ஷைனாவுக்கும்.

நவநீதன்

*

நாடுகாணி
26.5.2024

நவநீ,

இந்த லெட்டரை ஆறு தடவை எழுதிக் கிழிச்சிட்டேன். இது ஏழாவது. இதைக் கிழிக்கறதுக்கு முன்னாடி போஸ்ட்ல போடோணும்.

கரண்ட் வரல.

அன்னைக்குக் கரண்ட் போயிப் போயி வந்தது உண்மைதான். ஆனா நீ கைய விட்டப்ப கரண்ட் இருந்துச்சு. சுவிட்சை நிறுத்தி வெச்சிருந்தது நான். போட்டதும் நான்.

நடந்ததைச் சொல்லீர்றேன். சீசன் நேரம், இலை மலையாட்டக் குமிஞ்சு கெடந்துச்சு. சில்வஸ்டர் மேல இருந்து கத்திக்கிட்டே இருந்தான், ஏண்டா நிக்குது, ஏண்டா நிக்குதுன்னு. நீ ரோலர்ல சிக்கின இலைக் கட்டியை எடுத்துக்கிட்டு இருந்தே. நான் சுவிட்ச்கிட்ட. உனக்குத் தெரியும், அங்கிருந்து பார்த்தா தூணு மறைக்கும், மெஷின் வாய் தெரியாது. எட்டடி நடந்து வந்து எட்டிப் பார்த்துட்டுத்தான் போடோணும். எத்தனை வருசமா அப்படித்தான் செஞ்சோம். அன்னைக்குப் ‘போடு’ன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. நீ சொல்ற மாதிரி இருந்துச்சு. போட்டுட்டேன். பார்க்கல.

அப்புறம் நீ கத்தினது. அதை எழுத முடியல.

உன்னை வண்டியில ஏத்தி அனுப்பிட்டு வந்தா, ஆபீஸ்ல ஒரு பேப்பர் டைப் பண்ணி வெச்சிருந்தாங்க. ஓடற மெஷின்ல தொழிலாளி தானாக் கைய விட்டார்னு. கையெழுத்துப் போட்டா உனக்கும் பிரச்சினை இல்ல, எங்களுக்கும் பிரச்சினை இல்லைன்னாங்க. என் கையில உன் ரத்தம் இன்னும் காயல. அந்தக் கையால போட்டுக் குடுத்தேன். போர்டுல இருக்கற கதை என் கையெழுத்துல இருந்து வந்ததுதான்.

மூணு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன்கிட்டச் சொல்லோணும்னுதான் வந்தேன், மாதா மேல சத்தியமா. நீ கண்ணைத் தொறந்து, ‘எப்படிடா ஓடுச்சு?’ன்னு கேட்டே. வாய்ல வந்தது கரண்ட்டு. நீ தலையாட்டிட்டுத் தூங்கிட்டே. நீ நம்பினது எனக்குப் பெரிய ஆறுதலா இருந்துச்சு, அதுக்கப்புறம் அதுவே பாறாங்கல்லாட்ட ஆயிருச்சு.

ஈஸ்டருக்கு முன்னாடி கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். சாமியார் மன்னிப்புக் குடுத்துட்டு, போயி அந்த மனுசன்கிட்டச் சொல்லுன்னாரு. சாமி மன்னிச்சது போதும்னு நெனச்சு இருந்துட்டேன். அப்பத்தான் உன் லெட்டர் வந்துச்சு. தீங்கு செஞ்சவனுக்குத்தான் மொதல் சேதம்னு எழுதியிருந்தே. எனக்குச் சோதனையே இல்லைன்னும் எழுதியிருந்தே. அதைப் படிச்சிட்டுக் கடையில மூட்டை மேல உக்காந்துட்டேன். ஷைனா வந்து என்னன்னு கேட்டா. அவகிட்டயும் அன்னைக்குத்தான் சொன்னேன்.

மன்னிச்சிருன்னு எழுதல. கேக்கறதுக்கு மொகம் இல்ல.

அம்புரோஸ்

*

கோத்தகிரி
9.6.2024

அம்புரோஸ்,

கடிதம் கிடைத்தது.

நான் உன்னிடம் நான்கு மாதம் அமைதியைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். நீ படித்துக்கொண்டு இருந்திருக்கிறாய்.

புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி எழுதாதே. வராதே.

நவநீதன்

*

நாடுகாணி
10.11.2024

நவநீ,

எழுதாதேன்னு சொன்னதை மீறி எழுதறேன். இதுக்குப் பதில் வேண்டாம். என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியோணும், அவ்வளவுதான். பாதி உனக்கே தெரிஞ்சிருக்கும்.

போன மாசம் பதினோராந் தேதி பேக்டரிக்கு வந்தேன். அந்தத் தேதியிலேயே வரோணும்னு இருந்துச்சு. முதலாளி ரூம்ல போயி நின்னு, நான் அன்னைக்குப் போட்ட கையெழுத்து பொய்ன்னு சொன்னேன். வருசம் ஒண்ணு ஆச்சு, எதுக்குப்பா கெளர்றேன்னாரு. ஊருக்குப் போ, நான் எதுவும் கேக்கலைன்னாரு. நான் வெளிய வந்துட்டேன்.

மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷிப்ட் மாறுமில்ல, அப்ப எல்லாரும் வாசல்ல இருப்பாங்க. அங்க நின்னு சொன்னேன். எனக்குச் சத்தமாப் பேச வராது, உனக்கே தெரியும். ‘நவநீதன் ஓடற மெஷின்ல கை விடல. நிறுத்தின மெஷின்லதான் விட்டான். சுவிட்சைப் பார்க்காமப் போட்டது நான். பொய்க் கையெழுத்துப் போட்டதும் நான்’னு சொன்னேன். பேக்டரியில இலை அள்ளற ஆயம்மாள் அக்கா மட்டும் பக்கத்துல வந்து, ‘அந்தப் பையன் வாழ்க்கையே போச்சேடா’ன்னுட்டு மொகத்துக்கு நேரா மண்ணை வாரி எறிஞ்சுது. அது சரிதான்னு பட்டுச்சு.

சில்வஸ்டர் உள்ள போயி அந்தப் போர்டைக் கழட்டிக் கொண்டாந்து தரையில வெச்சான். முதலாளிகிட்டக் கேக்கல. அதுக்கப்புறம் குன்னூர் போயி, தொழிற்சாலை விசாரணை பாக்கற ஆபீசர்கிட்ட எல்லாத்தையும் எழுதிக் குடுத்தேன். கேஸ் வரும்னாரு. வரட்டும்.

அடுத்த நாள் உன் ஊட்டுக்கு வந்தேன். நீ வராதேன்னு எழுதியிருந்தே, இருந்தாலும் வந்தேன். சசிகலா வாசலுக்கு வந்துச்சு. நீ உள்ள இருக்கறது எனக்குத் தெரிஞ்சுது, உன் செருப்பு கெடந்துச்சு. அது ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. ‘குடிச்சிட்டுக் கெளம்புங்கண்ணா. அவரால இன்னைக்கு முடியாதுங்க’ன்னுச்சு. குடிச்சேன். நான் பாவம் பண்ணின ஊட்டுல எனக்குத் தண்ணி குடுத்தாங்க.

இங்கயும் விசயம் தெரிஞ்சு போச்சு. மச்சான் எங்கூடப் பேசறதில்ல. ஷைனா பேசறா.

நீ அந்தப் புஸ்தகத்தைத் திருப்பிக் குடுத்ததுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்குது. உன் கையைப் பறிச்சேன், நிம்மதியாத் தூங்கிக்கிட்டு இருந்தே, அதையும் பறிச்சுட்டேன். முடிஞ்சா மறுபடியும் எடுத்துப் படி.

அம்புரோஸ்

*

கோத்தகிரி
19.1.2025

அன்புள்ள அம்புரோஸ்,

ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் தேறியிருக்கிறது, மனிதன் தேறவில்லை.

உன் மே மாதக் கடிதம் வந்த அன்றைக்கு ஆரம்பித்த கோபம், நவம்பர் வரை ஒரு நாளும் விடவில்லை. கை போனபோது நான் அழவில்லை, உனக்குத் தெரியும். இப்போது தட்டை எறிந்தேன். சசிகலாவை வாயில் வந்தபடி பேசினேன். ஒரு நாள் அவள், “கை போனப்போகூட நீங்க இப்படி இல்லைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு இலை பறிக்கப் போய்விட்டாள். குற்றவாளி யாரும் இல்லாத வீட்டில் அமைதியாக இருப்பது சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் பெரிய ஞானி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னை ஒரு கணம்கூட இரக்கத்தோடு நினைக்க முடியவில்லை. நீ வந்து நின்ற அன்றைக்கு நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். நீ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்திருந்தால் அடித்திருப்பேன். எந்தக் கையால் என்பது வேறு விஷயம்.

நீ வாசலில் நின்று சொன்ன பிறகு ஊரே மாறிவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் வந்து கையைப் பிடித்தார்கள். முதலாளியே வீட்டுக்கு வந்து வருத்தம் சொன்னார். கலைமதி பள்ளிக்கூடத்தில் தலையை நிமிர்த்தி நடந்தாள். ‘எங்கப்பா மேல தப்பே இல்லை’ என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னாள். அந்த வார்த்தை எனக்கு எப்படி இனித்தது என்று உனக்குச் சொல்ல முடியாது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு பேக்டரி முற்றத்தில் விழா. பன்னிரண்டு வருடம் கவனமாக வேலை செய்தவன் என்று எனக்குச் சால்வை போட்டார்கள். மைக்கைக் கொடுத்து, அன்றைக்கு நடந்ததைப் புதுப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லுங்கள் என்றார்கள். சொல்ல ஆரம்பித்தேன். இலை சிக்கியது. அம்புரோஸை நிறுத்தச் சொன்னேன். ரோலர் நின்றதும் கை விட்டேன். ஒரு பெரிய கட்டி வந்தது. அதைக் கீழே போட்டேன். ‘சரி, போடு’ என்று…

அங்கே நிறுத்திவிட்டேன், அம்புரோஸ். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அழுகை வந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்கள். சால்வையோடு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நான்தான் சொன்னேன். ‘போடு’ என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பும்போது ரோலர் இடுக்கில் இன்னொரு சின்னக் கட்டி தெரிந்தது. இதையும் எடுத்துவிடலாம் என்று மறுபடி கையை விட்டேன். ‘வேண்டாம், இரு’ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓடிவிட்டது. நீ கேட்டது என் குரல்தான்.

இத்தனை மாதம் இதை மறந்திருந்தேனா, மறைத்து வைத்திருந்தேனா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். நீ கரண்ட் என்று சொன்னதும் நான் மறுகேள்வி கேட்காமல் ஏன் தலையாட்டினேன்? கரண்ட் என்றால் யாரும் தப்பில்லை. நானும் தப்பில்லை. அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அதன்மேல்தான் அமைதி, ஞானம் எல்லாம் கட்டினேன்.

சசிகலாவிடம்தான் முதலில் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, “எனக்குத் தெரியுமுங்க” என்றாள். ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் இரண்டு நாளும் ‘போடு, வேண்டாம் இரு, போடு, வேண்டாம் இரு’ என்று நான் புலம்பிக்கொண்டே இருந்தேனாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “கை போயிப் படுத்திருக்கற மனுசன்கிட்ட அதையும் சொல்லோணுமுங்களா?” என்றாள். பதினைந்து மாதம் அதை ஒருத்தியாகச் சுமந்திருக்கிறாள். நான் உன்னைத் திட்டும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறாள். உனக்குத் தண்ணீர் ஏன் கொடுத்தாள் என்று இப்போது புரிகிறது.

பெயரும் புகழும் நம் கையில் இல்லை, நாம் செய்கிறதும் சொல்கிறதும்தான் நம் கையில் என்று அந்தப் புத்தகத்தில் வாசித்தபோது எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? நேற்று முன்தினம் குன்னூர் ஆபீசுக்குப் போகும் பஸ்ஸில் அது லேசாக இல்லை. போய், நான் ‘போடு’ என்று சொன்னதையும், சொன்ன பிறகு கை விட்டதையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். சால்வையைச் சில்வஸ்டரிடம் கொடுத்துக் காரணத்தைச் சொன்னேன். அவன் நம்பவில்லை, உன்னைக் காப்பாற்றச் சொல்கிறேன் என்கிறான். நம்பாதது அவன் பாடு.

போகும் முன்பே கலைமதியிடம் சொல்லிவிட்டேன். அதுதான் கடினமாக இருந்தது. எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை நகவெட்டியை எடுத்துக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். இடது கை நகத்தை வெட்ட எனக்கு ஆள் வேண்டும், எப்போதும் அவள்தான். ஐந்து விரலையும் வெட்டி முடித்தாள். அப்போதும் பேசவில்லை. ஆனால் வெட்டினாள்.

நான் உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், தெரியவில்லை. நீ பொய்க் கையெழுத்துப் போட்டது இன்னும் எரிகிறது. உன்னை நினைத்தால் துக்கமாக இருக்கிறது, இது கோபத்துக்குப் பதிலாக வந்ததா, கோபத்தோடு சேர்ந்து வந்ததா என்றும் தெரியவில்லை. ஆனால் செய்யாத குற்றத்தையும் சேர்த்து நீ சுமக்கக் கூடாது.

ஒரு நாள் வா. வெளியே நிற்க வேண்டாம்.

நவநீதன்

*

நாடுகாணி
9.2.2025

நவநீ,

உன் லெட்டரை ஷைனாதான் எனக்குப் படிச்சுக் காட்டினா. நான் படிக்க ஆரம்பிச்சு ரெண்டாவது பக்கத்துல முடியல.

ஒண்ணு சொல்றேன். இந்த ஒண்ணரை வருசமா அந்தச் சத்தம் உன் குரலா, இல்ல நானாக் கற்பிச்சுக்கிட்டதான்னு தெரியாமப் பைத்தியமாட்ட இருந்தேன். மேல கத்தின சில்வஸ்டர் குரலோன்னு நெனப்பேன். எதுவுமே கேக்கலையோன்னும் நெனப்பேன். கேட்டது நெசம்னு நீ எழுதிட்டே. அதுக்கு நன்றி. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன்.

ஆனா காலையில எந்திரிச்சப்ப வேற மாதிரி இருந்துச்சு. நீ நூறு தடவை போடுன்னு சொன்னாலும், எட்டடி நடந்து தூணைத் தாண்டி வந்து பார்த்துட்டுத்தான் நான் போடோணும். நீ சொன்னதைக் கேட்டுப் போடறதுக்கா என்னை அங்க நிறுத்தி வெச்சிருந்தாங்க? பார்க்கறதுக்குத்தான். நீ சொன்னது உன்னோடது, எழுதிக் குடுத்துட்டே, சரி. பார்க்காமப் போட்டது என்னோடது. அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டதும், படுக்கையில கெடந்த உன்கிட்டப் பொய் சொன்னதும் என்னோடது. அதை நீ கொறச்சுக் குடுக்க வேண்டாம். கொறச்சா என்கிட்ட ஒண்ணுமே இருக்காது. ஆபீசர் மறுபடி கூப்பிட்டாலும் இதைத்தான் சொல்லுவேன்.

நீ அந்த கிரேக்கக்காரங்களைப் பத்தி எழுதினது எனக்கு முழுசாப் புரியல. எம்மேல இரக்கப்படறதுக்கு உனக்கு இவ்வளவு நாளாச்சுன்னு வருத்தப்படாத. ஒண்ணரை வருசமா எனக்கே எம்மேல வரல.

வான்னு எழுதியிருந்தே. போன வாரம் கெளம்பினேன். கூடலூர் வந்து ஊட்டி பஸ்ஸுல உக்காந்தேன். ஊட்டி ஸ்டாண்டுல எறங்கினா கோத்தகிரி பஸ் நின்னுட்டு இருக்குது. கண்டக்டர் ஏறுங்க, எடம் இருக்குதுன்னாரு. ஏறல. மூணு பஸ் போச்சு. பனி எறங்கிக் குளிர் ஏறின பொறகு கூடலூர் பஸ்ஸையே பிடிச்சுத் திரும்பிட்டேன்.

பொய்யை ஒத்துக்க வந்தப்பக் கால் வந்துச்சு. நீ கூப்பிட்ட பொறகு வரமாட்டேங்குது. ஏன்னு தெரியல.

ஷைனா அடுத்த ஞாயித்துக்கெழமை அவளும் வர்றேன்னு சொல்றா. ஊட்டியில அவ மொதல்ல ஏறி உக்காந்துக்குவாளாம். நான் அவளைத் தனியா அனுப்ப மாட்டேன்னு அவளுக்குத் தெரியும். மத்தியானத்துக்குள்ள வந்துருவோம்னு நெனைக்கறேன். வரலைன்னா சோத்தை எடுத்து வெச்சுக் காத்திருக்க வேண்டாம், சசிகலாகிட்டச் சொல்லு. அதுக்கடுத்த ஞாயிறு மறுபடியும் கெளம்பறேன்.

அம்புரோஸ்